மேஜிக்: ஒருங்கிணைந்த சுற்றுத் தளவமைப்பு மென்பொருளின் வரலாறும் வடிவமைப்பு விதிகளின் திறந்தநிலையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒருங்கிணைந்த சுற்றுகளின் தளவமைப்பை வரைய உதவும் திறமூல மென்பொருள்களுள் நீண்ட தொடர்ச்சி உடையது மேஜிக் ஆகும். 1983ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான இம்மென்பொருள் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எனினும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அது புதிய உற்பத்திச் செய்முறைகளிலிருந்து விலகி, பெரும்பாலும் வகுப்பறைக் கருவியாகவே இருந்தது. அக்காலத்திலும் அதன் மூலநிரல் கிடைத்துக்கொண்டே இருந்தது. மூடப்பட்டவை சில்லு உற்பத்திச்சாலைகளின் வடிவமைப்பு விதிகளே. மேஜிக்கின் எழுச்சி, ஒதுக்கம், மறுவருகை ஆகிய மூன்றையும் விளக்க மென்பொருள் உரிமத்தின் வரலாற்றைவிட வடிவமைப்பு விதிகளின் வரலாறே பொருத்தமானது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்கிணைந்த சுற்று, தளவமைப்பு, வடிவமைப்பு விதி, மேஜிக், திறமூல மென்பொருள், மீட்–கான்வே, மோசிஸ், ஸ்கை130.

1. முன்னுரை

கணினி மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் திறமூல இயக்கத்தைப் பெரும்பாலும் உரிமங்களின் வரலாறாகவே எழுதுகின்றனர். மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பயனருக்கு உரிமை இருந்தால் அம்மென்பொருள் திறந்தது, இல்லையேல் மூடியது. இயக்குதளம், உரைத்தொகுப்பி போன்றவற்றிற்கு இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தும். ஒரு பொருளை உற்பத்தி செய்வதற்கான வரைபடத்தை ஆக்கும் மென்பொருளுக்கு அது போதுமா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

தளவமைப்பு என்னும் சொல் இங்கு ஒரு குறிப்பிட்ட பொருளில் ஆளப்படுகிறது. சிலிக்கன் தகட்டின்மீது அடுக்கடுக்காக அமையும் விரவல் அடுக்கு, பாலிசிலிக்கன், உலோகம் ஆகியவற்றின் வடிவங்களை உண்மை அளவு விகிதத்தில் காட்டும் வரைபடமே தளவமைப்பு. பாலிசிலிக்கன் பட்டை ஒன்று விரவல் பட்டையைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் டிரான்சிஸ்டர் உருவாகிறது. பட்டைகள் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், அவற்றிற்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றை உற்பத்திச்சாலை வகுக்கிறது. இவையே வடிவமைப்பு விதிகள். விதியை மீறி வரைந்த சில்லு உற்பத்தியாகலாம். ஆனால் அது இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே தளவமைப்பு மென்பொருளுக்கு மூலநிரல், விதித்தொகுதி என இரண்டு உள்ளடக்கங்கள் உள்ளன. இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் திறந்தும் மூடியும் இருந்தன. அவ்வேறுபாட்டைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் அணுகுமுறை. 1978 முதல் 2025 வரையிலான காலம் இதன் எல்லையாகும். திறமூலம் என்னும் கலைச்சொல் 1998இல்தான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முற்பட்ட பெர்க்லி மென்பொருள்களுக்கு அச்சொல்லைப் பயன்படுத்துவது பிற்காலச் சொல்லை முற்காலத்தின்மேல் ஏற்றுவதே என்பதை நினைவில் கொண்டே அது இங்கு ஆளப்படுகிறது.

2. கணினிக்கு முந்தைய தளவமைப்பு

1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றின் வடிவங்கள் கையால் வரையப்பட்டன. பின்னர் ரூபிலித் எனப்படும் படலத்தில் அவை வெட்டப்பட்டன. தெளிவான பாலியெஸ்டர் தாளின்மேல் செந்நிறப் படலம் ஒட்டியிருக்கும். கூர்மையான கத்தியால் கோடு கிழித்து, வேண்டாத பகுதியை உரித்தெடுப்பர். ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரு தாள். அத்தாள் ஒளிப்படமுறையில் பன்மடங்கு சுருக்கப்பட்டு, மாஸ்க் எனப்படும் ஒளிமறைப்புத் தகடாக மாற்றப்பட்டது. பிழையைக் கண்டறியப் பல கண்கள் அத்தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

இம்முறையில் வடிவமைப்பாளரும் உற்பத்தியாளரும் ஒரே நிறுவனத்திற்குள் இருந்தனர். விதிகள் அந்நிறுவனத்தின் அனுபவ அறிவாக இருந்தன. அவற்றை வெளியிட வேண்டிய தேவை எழவில்லை. 1970களில் கால்மா போன்ற நிறுவனங்களின் வரைகணினிகள் கத்தியின் இடத்தைப் பிடித்தன. கால்மாவின் ஜி.டி.எஸ். 2 என்னும் கோப்பு வடிவம் தளவமைப்புத் தரவின் பொதுமொழியாக இன்றுவரை நீடிக்கிறது. இக்கருவிகளை வாங்கும் வசதி பெருநிறுவனங்களுக்கே இருந்தது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாமே ஒரு சில்லை வடிவமைத்து உற்பத்தி செய்து பார்ப்பது அக்காலத்தில் அரிதினும் அரிது.

3. அச்சேறிய விதிகள்: மீட்–கான்வே முறை

இந்நிலையை மாற்றியவர்கள் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் கார்வர் மீடும், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லின் கான்வேயும் ஆவர். அவர்கள் எழுதிய பேரளவு ஒருங்கிணைந்த சுற்று முறைமைகளுக்கான அறிமுகப் பாடநூல் 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் வரைவுப் பதிப்பைக் கொண்டு 1978ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கான்வே ஒரு பாடத்தை நடத்தினார். மாணவர்களின் வடிவமைப்புகள் கலிபோர்னியாவில் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் உற்பத்தியாகி, சில வாரங்களில் சில்லுகளாக அவர்கள் கைக்கு வந்தன.

அந்நூலின் பங்களிப்புகள் பல. இங்கு கருதத்தக்கது ஒன்றே: வடிவமைப்பு விதிகளை அவர்கள் சில பக்கங்களுக்குள் அடக்கி அச்சிட்டனர். எல்லா அளவுகளையும் லாம்டா என்னும் ஓர் அலகின் மடங்குகளாகக் குறித்தனர். பாலிசிலிக்கன் பட்டையின் குறைந்தபட்ச அகலம் 2 லாம்டா; விரவல் பட்டைகளுக்கிடையே 3 லாம்டா; உலோகப் பட்டையின் அகலமும் இடைவெளியும் 3 லாம்டா. உற்பத்திச்சாலை மேம்பட்டால் லாம்டாவின் மதிப்பு குறையும், வரைபடம் மாறாது. விரவல் அடுக்கிற்குப் பச்சை, பாலிசிலிக்கனுக்குச் சிவப்பு, உலோகத்திற்கு நீலம் என்னும் வண்ண வழக்கையும் அந்நூல் பரப்பியது.

இவ்விதிகள் எந்த ஒரு தொழிற்சாலைக்கும் மிகப் பொருத்தமானவை அல்ல. பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தாராளமாகவே வகுக்கப்பட்டவை. சிலிக்கன் பரப்பில் ஓரளவை இழந்து, கற்பிக்கத்தக்க எளிமையைப் பெறுவதே அதன் உட்கருத்து. அக்காலப் பொறியியலாளர் பலர் இவ்விழப்பை ஏற்கவில்லை. ஆனால் அந்த எளிமையின் பயன் விரைவில் தெரியவந்தது. 1979ஆம் ஆண்டு எம்.பி.சி.79 என்னும் முயற்சியில் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 124 வடிவமைப்பாளர்களின் 82 வடிவமைப்புகள் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே திரட்டப்பட்டு, ஒரே உற்பத்திச் சுற்றில் சேர்க்கப்பட்டன. செலவு பலரிடையே பகிரப்பட்டதால் ஒரு வடிவமைப்பிற்கான செலவு வெகுவாகக் குறைந்தது.

இம்முயற்சியின் நிலையான வடிவமே மோசிஸ் சேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்பினுடைய நிதியில், தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் 1981ஆம் ஆண்டு அது தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தைக் கற்பித்தன. விதியும் உற்பத்தி வாய்ப்பும் பொதுவில் வந்த பின்னரே வரைகருவிக்கான தேவை பல்கலைக்கழகங்களில் எழுந்தது என்னும் கால வரிசை இங்கு முதன்மையானது. மேஜிக் பிறந்தது இச்சூழலில்தான்.

4. சீசரிலிருந்து மேஜிக் வரை

1980ஆம் ஆண்டு பெர்க்லியில் ஆசிரியப் பணியில் சேர்ந்த ஜான் ஆஸ்டர்ஹவுட் முதலில் சீசர் என்னும் தளவமைப்புத் தொகுப்பியை எழுதினார். டேவிட் பேட்டர்சனின் வழிகாட்டலில் மாணவர்கள் வடிவமைத்த ரிஸ்க்-1 செயலியின் தளவமைப்பு அக்கருவியில் வரையப்பட்டது. 44,420 டிரான்சிஸ்டர்களைக் கொண்ட அச்செயலியைத் தொழிற்சாலை அனுபவம் இல்லாத பட்டமேற்படிப்பு மாணவர்கள் வரைந்து முடித்தனர் என்பதே மீட்–கான்வே முறைக்குக் கிடைத்த வலிய சான்று. ஆயினும் சீசர் வெறும் வரைதாளே. அது விதியை அறியாது. வரைந்து முடித்தபின் வேறொரு நிரலை ஓட்டிப் பிழைகளைக் காண வேண்டும். திருத்தினால் மீண்டும் ஓட்ட வேண்டும்.

இக்குறையை நீக்கும் நோக்குடன் 1983 பிப்ரவரியில் புதிய மென்பொருளுக்கான பணி தொடங்கியது. ஆஸ்டர்ஹவுட்டுடன் கோர்டன் ஹமாச்சி, ராபர்ட் மேயோ, வால்டர் ஸ்காட், ஜார்ஜ் டெய்லர் ஆகிய மாணவர்கள் பணியாற்றினர். இரண்டே மாதங்களில், 1983 ஏப்ரலில், முதிராத வடிவம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அப்போது சோர் என்னும் செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் அதனை உடனே பயன்படுத்தினர். அவர்கள் கண்ட குறைகளுக்கேற்ப மென்பொருள் அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. எழுதியவரும் பயன்படுத்தியவரும் ஒரே வளாகத்தில் இருந்தமை அதன் வடிவத்தை உறுதிசெய்தது. மேஜிக் என்னும் பெயரை முன்மொழிந்தவர் ஹமாச்சி. 1984ஆம் ஆண்டின் வடிவமைப்புத் தானியங்கல் மாநாட்டில் மேஜிக்கைப் பற்றிய கட்டுரைகள் வெளியாயின.

மேஜிக்கின் உள்ளமைப்பிற்கு அடிப்படை, ஆஸ்டர்ஹவுட் வகுத்த மூலைத்தையல் என்னும் தரவமைப்பு. வழக்கமான கருவிகள் செவ்வகங்களின் பட்டியலையே சேமித்தன. மேஜிக்கில் ஒவ்வொரு தளமும் இடைவெளியின்றி ஓடுகளால் மூடப்படும். பொருள் இல்லாத வெற்றிடமும் ஓர் ஓடாகவே பதிவாகும். ஒவ்வோர் ஓட்டின் கீழ் இடது மூலையிலிருந்தும் மேல் வலது மூலையிலிருந்தும் அண்டை ஓடுகளுக்கு நான்கு இணைப்புகள் செல்லும். இரு பட்டைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பதை அறிய முழு வரைபடத்தையும் தேட வேண்டியதில்லை. அண்டை ஓட்டைக் கேட்டால் போதும். இதனால் விதிச் சரிபார்ப்பு மாறிய இடத்தில் மட்டும் நடந்தால் போதுமானதாயிற்று. பயனர் வரைந்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் சரிபார்ப்பு நிகழ்ந்து, பிழையான இடத்தைத் திரையில் புள்ளிகளால் காட்டியது. வரைதல், சரிபார்த்தல் என்னும் இரு வேலைகள் ஒன்றாயின.

இவ்வமைப்பிற்கு ஒரு விலையும் உண்டு. கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் மட்டுமே கொண்ட வடிவங்களுக்கு அது பொருந்தியது. சாய்ந்த கோடுகளுக்கு எளிதில் இடந்தரவில்லை. மீட்–கான்வே முறையின் எளிமை மென்பொருளின் தரவமைப்பிற்குள்ளும் குடிகொண்டது எனலாம்.

5. படிக்கத்தக்க விதிக்கோப்பு

மேஜிக்கின் மற்றொரு தேர்வு இக்கட்டுரையின் வாதத்திற்கு மையமானது. உற்பத்திச் செய்முறையைப் பற்றிய தகவல்கள் நிரலுக்குள் பதிக்கப்படவில்லை. அவை தொழில்நுட்பக் கோப்பு என்னும் தனி உரைக்கோப்பில் வைக்கப்பட்டன. எந்தெந்த அடுக்குகள் உள்ளன, எவை எவற்றுடன் மின்தொடர்பு கொள்ளும், எந்த வண்ணத்தில் தெரிய வேண்டும், அகலமும் இடைவெளியும் எவ்வளவு என்பன யாவும் அதில் அடங்கும். ஒவ்வொரு விதியின் அளவுடனும் அவ்விதியை விளக்கும் ஒரு வாக்கியமும் எழுதப்பட்டிருக்கும். பிழைப் புள்ளியின்மீது நின்று காரணம் கேட்டால், பயனருக்கு அவ்வாக்கியம் காட்டப்படும்.

இதனால் மாணவர் விதியை மீறும்போதே விதியைக் கற்றார். கோப்பைத் திறந்து முழு விதித்தொகுதியையும் படிக்கவும் அவரால் முடிந்தது. புதிய செய்முறை வந்தால் புதிய கோப்பு எழுதினால் போதும். மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இதே பிரிப்பு ஒரு சார்பையும் உருவாக்கியது. தொழில்நுட்பக் கோப்பு இல்லாத மேஜிக் வண்ணம் இல்லாத தூரிகைக்கு ஒப்பாகும். அக்கோப்பை எழுதுவதற்கு விதிகள் எழுதுவோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; எழுதியதைப் பகிர்வதற்கு அவ்விதிகள் பொதுவில் இருக்க வேண்டும். 1983இல் இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தன. அவை என்றும் நிறைவேறியிருக்கும் என்பதற்கு உறுதியேதும் இல்லை.

மூலநிரலைப் பகிரும் வழக்கம் பெர்க்லிக்குப் புதிதன்று. மின்சுற்றுகளின் நடத்தையைக் கணிக்கும் ஸ்பைஸ் என்னும் நிரலை லாரன்ஸ் நாகல் உருவாக்கி, 1973ஆம் ஆண்டு அறிமுகம் செய்தார். அவருடைய ஆய்வு வழிகாட்டியான டொனால்டு பெடர்சன் அதனைப் பொதுவில் வழங்குவதில் உறுதியாக இருந்தார். வெளியே சென்ற நிரல் குறைகளையும் திருத்தங்களையும் புதிய தேவைகளையும் பற்றிய செய்திகளுடன் திரும்பி வந்தது. அவ்வழியிலேயே மேஜிக்கும் பெர்க்லியின் பிற வடிவமைப்புக் கருவிகளுடன் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் சென்றது. 1990ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் மேற்கு ஆய்வகமும் லிவர்மோர் ஆய்வகமும் இணைந்து வெளியிட்டன என்பது, அக்கருவி பெர்க்லியைத் தாண்டி வேரூன்றியதைக் காட்டுகிறது.

6. விதிகள் மறைந்த காலம்

1990களில் நிலைமை மாறியது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, செய்முறையின் இயல்பு. சில்லின் மிகச்சிறு அளவு ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழ் சென்றபோது, எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் சுருங்கும் என்னும் லாம்டாவின் அடிப்படை தளர்ந்தது. உலோகம் ஒருவகையாகவும் பாலிசிலிக்கன் வேறுவகையாகவும் சுருங்கின. பொது விதிகளைப் பின்பற்றுவோர் இழக்கும் சிலிக்கன் பரப்பு கூடியது. ஒவ்வோர் உற்பத்திச்சாலைக்கும் தனி விதிகள் தேவைப்பட்டன. அவற்றின் எண்ணிக்கையும் பெருகியது.

இரண்டாவது, தொழில் அமைப்பு. வடிவமைப்பையும் உற்பத்தியையும் பிரிக்கலாம் என்பதே மீட்–கான்வே முறையின் படிப்பினை. பிறர் வடிவமைப்புகளை உற்பத்தி செய்வதையே தொழிலாகக் கொண்டு 1987ஆம் ஆண்டு தைவானில் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் தொடங்கியது. இப்பிரிவினைக்குப்பின் விதித்தொகுதியே இரு தரப்பிற்கும் இடையிலான ஒப்பந்த ஆவணமாயிற்று. உற்பத்திச்சாலையின் திறனைப் போட்டியாளருக்குக் காட்டிக்கொடுக்கும் ஆவணமும் அதுவே. எனவே விதிகளும் டிரான்சிஸ்டர் மாதிரிகளும் அடிப்படைச் சுற்று நூலகங்களும் பி.டி.கே. என்னும் செய்முறை வடிவமைப்புத் தொகுப்பாகத் திரட்டப்பட்டு, இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோருக்கு மட்டும் வழங்கப்பட்டன. விதியை அச்சிட்டதால் சாத்தியமான ஒரு தொழில் பின்னர் விதியை மறைத்தே வளர்ந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

மூன்றாவது, வணிக மென்பொருள். விதிச் சரிபார்ப்புக் கோப்புகள் சில நிறுவனங்களின் கருவிகள் மட்டுமே படிக்கத்தக்க வடிவில் வெளியாயின. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகமும் மேஜிக்கிற்கான கோப்பைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாறு எழுதியதை அடுத்த பல்கலைக்கழகத்துடன் பகிர ஒப்பந்தம் இடந்தரவில்லை. அறிவு சேராமல் ஒவ்வோரிடத்திலும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. வணிகக் கருவிகள் கல்விச் சலுகையில் கிடைத்தமையால் பல துறைகள் அவற்றிற்கே மாறின.

மோசிஸ் மட்டும் எஸ்.சி.மாஸ் எனப்படும் தன் லாம்டா விதிகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது, 0.18 மைக்ரோமீட்டர் வரையிலான செய்முறைகளுக்கு அவை நீட்டிக்கப்பட்டன. மேஜிக் வகுப்பறைகளில் உயிர்வாழ்ந்ததும் ஏறத்தாழ அவ்வெல்லை வரையில்தான். கருவியின் வாழ்வெல்லையைத் திறந்த விதியின் எல்லை தீர்மானித்தது என்பதற்கு இஃது ஒரு தெளிவான சான்று.

இக்காலத்தில் மென்பொருள் தேங்கிவிடவில்லை. வடிவமைப்புக் கருவிகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கட்டளைமொழி எழுத நேர்ந்த பட்டறிவே டி.சி.எல். என்னும் பொது நிரல்மொழியை உருவாக்க ஆஸ்டர்ஹவுட்டைத் தூண்டியது. பெர்க்லியில் 1988இல் அதன் பணி தொடங்கியது. வணிக வடிவமைப்புக் கருவிகள் பலவற்றில் கட்டளைமொழியாக இன்று விளங்குவது அதுவே. 2000களின் தொடக்கத்தில் டிம் எட்வர்ட்ஸ் மேஜிக்கின் பராமரிப்பை ஏற்று, ஏழாம் பதிப்பு வரிசையில் டி.சி.எல். மொழியை அதனுடன் இணைத்தார். ஸ்டீவன் ரூபின் எழுதிய எலக்ட்ரிக் 1998ஆம் ஆண்டு குனூ திட்டத்தின்கீழ் வெளியானது. ஜெர்மனியில் மத்தியாஸ் கெஃபர்லைன் உருவாக்கிய கேலேயவுட், தளவமைப்புக் கோப்புகளைப் பார்க்கும் கருவியாகத் தொடங்கி முழுத் தொகுப்பியாக வளர்ந்தது. மூலநிரல்கள் திறந்திருந்தன, திறமான கருவிகளும் இருந்தன. குறைவாக இருந்தவை அவற்றில் ஏற்றத்தக்க விதிகள்.

அக்குறை எவ்வளவு ஆழமானது என்பதை ஆய்வுலகம் கண்ட மாற்றுவழி உணர்த்தும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் முன்னின்று ஃப்ரீபிடிகே45 என்னும் தொகுப்பை உருவாக்கியது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் ஆர்ம் நிறுவனமும் இணைந்து 7 நானோமீட்டருக்கான அசாப்7 தொகுப்பை 2016ஆம் ஆண்டு வெளியிட்டன. இவை மதிப்புமிக்க ஆய்வுக்கருவிகள். ஆயினும் இவற்றின் விதிகள் எந்தத் தொழிற்சாலைக்கும் உரியவை அல்ல, உய்த்துணர்ந்து அமைக்கப்பட்டவை. முடிவுகளை வெளிப்படையாகப் பகிர வேண்டும் என்பதற்காக, உலகில் இல்லாத ஒரு தொழிற்சாலையை ஆய்வாளர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

7. 2020: விதிகளின் மறுவருகை

2020 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் செய்முறைக்கான தொகுப்பு, கூகுள் நிறுவனத்தின் கூட்டு முயற்சியால் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் வெளியானது. ஸ்கை130 என வழங்கும் இத்தொகுப்பு, உண்மையில் சில்லாக்கத்தக்க ஒரு செய்முறையின் விதிகளை எவ்வித ஒப்பந்தமும் இன்றி எவரும் படிக்க வகைசெய்தது. 130 நானோமீட்டர் அப்போதே ஏறத்தாழ இருபது ஆண்டு பழைமையான தொழில்நுட்பம். அதனால் வெளிப்படுத்துவதில் இழப்புக் குறைவு. கற்பிப்பதற்கோ அது போதுமானது.

டிம் எட்வர்ட்ஸ் இவ்விதிகளை மேஜிக்கின் தொழில்நுட்பக் கோப்பாக வடித்தார். தார்ப்பா நிதியில் 2018இல் தொடங்கிய ஓபன்ரோட் திட்டத்தின் தானியங்கிக் கருவிகளும், அவற்றை ஒருங்கிணைத்த ஓபன்லேன் தொகுதியும் இதனுடன் சேர்ந்தன. இறுதி விதிச் சரிபார்ப்பிலும் கோப்பாக்கத்திலும் மேஜிக் இடம்பெற்றது. ஈஃபேப்லஸ் நிறுவனம் நடத்திய உற்பத்திச் சுற்றுகளுக்குக் கூகுள் நிதியளித்தது. வடிவமைப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. 1979ஆம் ஆண்டின் எம்.பி.சி.79 முயற்சியை இவ்வமைப்பு அப்படியே நினைவூட்டுகிறது. அச்சிட்ட விதி, பகிரத்தக்க கருவி, பலர் சேர்ந்து பகிரும் உற்பத்திச் சுற்று ஆகிய மூன்றும் மீண்டும் ஒன்றாயின. பின்னர் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் நிறுவனத்தின் 180 நானோமீட்டர் தொகுப்பு 2022இல் வெளியானது. ஜெர்மனியின் ஐ.எச்.பி. ஆய்வு நிறுவனமும் தன் 130 நானோமீட்டர் தொகுப்பைத் திறந்தது.

மேஜிக்கின் அடிப்படை இம்மறுவருகைக்காகப் புதிதாக எழுதப்பட்டதன்று. 1983இல் வகுத்த ஓடுகளும் தொழில்நுட்பக் கோப்புமே அடித்தளமாக நீடித்தன. இடைவிடாத பராமரிப்பு அதனை ஆயத்தமாக வைத்திருந்தது. விதிகள் திறந்தவுடன் அது மீண்டும் சில்லாக்கப் பணிக்குள் வந்தது.

8. விவாதம்

இம்முடிவிற்கு எதிராக எழத்தக்க இரு வாதங்களைக் கருத வேண்டும். திறந்த விதிகள் பழைய செய்முறைகளுக்கே கிடைக்கின்றன என்பது முதல் வாதம். இஃது உண்மையே. இன்றைய முன்னணிச் செய்முறைகளின் விதிகள் திறக்கப்படும் என எதிர்பார்க்க இவ்வரலாற்றில் சான்று இல்லை. ஆனால் மீட்–கான்வே விதிகளும் தம் காலத்தின் முன்னணித் தொழிற்சாலைகளுக்கு மிகப் பொருத்தமானவையாக இருந்ததில்லை. அவற்றின் பயன் சிலிக்கன் பரப்பில் அன்று, பயின்றோர் எண்ணிக்கையில் வெளிப்பட்டது.

இரண்டாவது, இத்திறந்தநிலை புரவலரைச் சார்ந்தது என்பது. 1981இல் தார்ப்பா, 2020இல் கூகுள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈஃபேப்லஸ் தன் செயல்பாடுகளை நிறுத்தியபோது, அதன் சுற்றுகளை நம்பியிருந்த வடிவமைப்பாளர்கள் பாதிப்புற்றனர். எனினும் விதித்தொகுப்புகளும் கருவிகளும் மறைந்துவிடவில்லை. அவை ஏற்கெனவே பொதுவில் இருந்தன. கல்விசார் உற்பத்தி முயற்சிகள் வேறு தொழிற்சாலைகளை நாட அதுவே வழிகோலியது. உற்பத்தி வாய்ப்பு புரவலருடன் போகலாம். வெளியிடப்பட்ட விதியைத் திரும்பப் பெறுவது அரிது. எனவே மூன்று உறுப்புகளுள் விதியின் திறந்தநிலையே நீடிக்கும் தன்மை உடையது.

தமிழகத்தோடு இவ்வரலாற்றிற்கு உள்ள தொடர்பு ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. மேஜிக்கின் முதல் பயனர்கள் வடிவமைத்த சோர், பெர்க்லியின் ரிஸ்க் வரிசையில் மூன்றாவதாக எண்ணப்படுகிறது. அவ்வரிசையில் ஐந்தாவதாக 2010இல் தொடங்கியதே ரிஸ்க்-5 என்னும் திறந்த கட்டளைத்தொகுதி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி செயலித் திட்டம் அதனை அடிப்படையாகக் கொண்டது. சக்தியின் தருக்க வடிவமைப்பு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. 2018இல் அதன் சில்லு ஒன்று இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் செய்முறையில் உருவானது. சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள இந்திய அரசின் குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் உருவாக்கப்பட்டது. தருக்க வரைவைப் படிக்கும் ஒரு மாணவர், அது சிலிக்கனில் எவ்வாறு பட்டைகளாக அமைந்தது என்பதை அதே எளிமையுடன் படிக்க முடிவதில்லை. இஃது அத்திட்டத்தின் குறை அன்று. கட்டுரை விவரித்த உலகளாவிய எல்லைக்கோடு அங்கும் செல்கிறது என்பதே பொருள்.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. மேஜிக் உருவாவதற்குமுன் வடிவமைப்பு விதிகள் அச்சேறிப் பொதுவுடைமையாயின. கருவியின் திறந்தநிலை விதியின் திறந்தநிலையைப் பின்தொடர்ந்தது.

2. மூலைத்தையல், தனித்த தொழில்நுட்பக் கோப்பு, உடனடிச் சரிபார்ப்பு ஆகியன விதியைக் கற்கத்தக்கதாக்கின. அதே வேளையில் அவை கருவியை விதிகளின் கிடைப்பைச் சார்ந்ததாக்கின.

3. 1990களுக்குப்பின் நேர்ந்த ஒதுக்கத்திற்கு மூலநிரலின் மூடல் காரணம் அன்று. விதிகள் ஒப்பந்தங்களுக்குள் சென்றமையே முதன்மைக் காரணம்.

4. 2020இல் ஒரு செய்முறையின் விதிகள் திறக்கப்பட்டதும், முன்பே பராமரிக்கப்பட்டு வந்த கருவி மீண்டும் சில்லாக்கப் பணிக்குள் வந்தது.

எனவே உற்பத்தி சார்ந்த மென்பொருள்களின் வரலாற்றை எழுதுவோர், உரிமத்தை மட்டும் நோக்காமல், அம்மென்பொருள் எந்த விதிகளை ஏற்று இயங்குகிறது, அவ்விதிகள் எவருக்குப் படிக்கக் கிடைக்கின்றன என்பனவற்றையும் நோக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் சில்லு வடிவமைப்புப் பாடங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வேறுபாடு பாடத்திட்டம் வகுப்போருக்கும் பயன்படும். சலுகையில் கிடைக்கும் வணிகக் கருவி மாணவருக்கு வேலைத்திறனைத் தரும். விதிக்கோப்பைத் திறந்து படிக்கத்தக்க கருவி, அவ்விதி ஏன் அவ்வாறு உள்ளது என்று கேட்கும் வாய்ப்பைத் தரும். பாடத்திட்டத்தில் இரண்டிற்கும் இடமளிப்பது நன்று.